வாரத்துக்கு ஒரு பாக்கெட்

என் உடம்பில் வெயில் சத்து குறைவு என்று ரிப்போர்ட் வந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட்டில் சித்திரை வெயிலில் சட்டை போடாமல் உர மூட்டை இறக்கியவன் நான். ஒரு வேகனை நானும் இன்னொருவனும் மட்டும் இறக்கிக் காலி செய்திருக்கிறோம். நம்பாதவர்கள் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று பூதலூரில் உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும் என் பெயரில் நிற்கின்றன. விவசாயக் கல்லூரியில் படித்த இருவர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் தன் நோய்க்கும் தானே வைத்தியம் பார்க்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்க மாட்டான்.

முதலில் வந்தது சிறுநீர்த் தொந்தரவு. வரும், நிற்கும், மறுபடி வரும். திருச்சிக்குக் காரில் போனால் செங்கிப்பட்டியில் ஒரு முறை, துவாக்குடியில் ஒரு முறை இறங்க வேண்டும். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். பிறகு ஒருநாள் சிவப்பாக வந்தது. என் மனைவி சரோஜாவிடம் மறைக்கப் பார்த்தேன். அவள் துவைக்கிற வேட்டி, எப்படி மறைப்பது?

தஞ்சாவூரில் புற்றுநோய் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். என் மகள் வயதுதான் இருக்கும். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே பாக்கு அளவில் ஒரு சுரப்பி உண்டு, அதன் பெயர் புராஸ்டேட். அது கெட்டால் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற ஒரு பொருள் கூடும். எனக்கு அது மிக அதிகமாக இருந்தது. பின்பக்கமாக விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆனால் அதற்கு வெட்கப்பட்டுத் தள்ளிப் போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர். சுரப்பியின் மேலுறையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது, எலும்புக்குப் போகவில்லை என்றார்கள். காரில் ஏறியதும் சரோஜா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை.

டாக்டரம்மா சொன்ன வைத்தியம் இரண்டு. ஒன்று கதிர்வீச்சு. இன்னொன்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி. ஆண்களுக்குச் சுரக்கும் ஹார்மோனைத் தின்றுதான் இந்தக் கேன்சர் வளர்கிறதாம், அந்த ஊசி ஹார்மோனை நிறுத்திவிடும். மடையை அடைத்தால் வயல் காய்வதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் அந்தத் தண்ணீரை நம்பித்தான் எலும்பும் இருக்கிறது. ஹார்மோன் நின்றால் எலும்பு தேயும். அதற்காகச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும், ரத்தத்தில் வெயில் சத்து குறைவு என்று வந்ததால் வைட்டமின் டி என்று ஒரு பொடியும் எழுதினார். அறுபதாயிரம் யூனிட். வாரத்துக்கு ஒரு பாக்கெட், பாலில் கலந்து, எட்டு வாரம். பிறகு மாதம் ஒன்று.

"இது எலும்புக்குத்தான் ஐயா. கேன்சருக்கு இல்ல," என்று அன்றைக்கே சொன்னார். காதில் விழுந்தது. வாங்கிக்கொள்ளவில்லை.

"வெயில்லயே வெந்தவன்மா நானு. எனக்கு வெயில் சத்து குறையுமா?" என்றேன்.

"இப்ப வெயில்ல நிக்கிறீங்களா?"

யோசித்துப் பார்த்தால், ஏ.சி. கார், ஏ.சி. அறை, முழுக்கை வெள்ளைச் சட்டை. மேலே வந்ததற்கு அதுவும் ஒரு அடையாளம்.

கதிர்வீச்சுக்குக் காத்திருக்கும் அறையில்தான் ரஹ்மத்துல்லா பாய் எனக்குப் பழக்கமானார். அய்யம்பேட்டைக்காரர். துபாயில் பாதி ஆயுசைப் போக்கிவிட்டு வந்து பாத்திரக் கடை வைத்திருந்தார். அவருக்கும் இதே நோய், என்னைவிடச் சற்று முற்றியது. இந்தக் கதிர்வீச்சுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். எல்லாரும் கால்மேல் கால் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மொதலாளி, மேட்டூர் நூத்தியிருபது அடி தொட்டுடுச்சு. எப்பத்தான் தொறப்பாங்க?" என்பார் பாய்.

"சிரிக்க வைக்காதீங்க பாய், இங்க கல்லணையே ஒடைஞ்சிடும்."

அந்த அறையில் பயம் இல்லாதவர் ஒருவரும் கிடையாது. ஆனாலும் பாய் வந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் மூச்சு விட முடியும். நான் ஷெட்டில் வேகன் இறக்கிய கதையைத் தினமும் சொல்வேன். முதல் தடவை கேட்பதுபோல ஒவ்வொரு முறையும் கேட்பார். மனிதர்களில் அது அபூர்வம். என் பேச்சில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது.

ஊசி என்னை உருக்கியது. உள்ளிருந்து திடீரென்று அனல் கிளம்பி முகமெல்லாம் வேர்க்கும். மூட்டை தூக்கிய தோள் தொளதொளவென்று ஆனது. டி.வி. சீரியலில் யாரோ அழுதால் எனக்கும் கண்ணீர் வந்தது. ஆண்பிள்ளைக்கு உரிய மற்றதும் போனது, அதை விவரிக்க வேண்டாம். அனல் கிளம்பும் நேரம் சரோஜா ஈரத்துண்டைக் கொண்டுவந்து என் பிடரியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். என்ன, ஏது என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. மடமடவென்று இறங்கியிருந்தது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. உடம்பைக் கெடுப்பது ஊசி. அப்படியென்றால் நோயைக் குறைத்தது எது? பொடி. அந்த நேரம் பார்த்து யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். வைட்டமின் டி கேன்சரைக் கொல்லும் என்று கோட்டுப் போட்ட ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகப் பேசினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

உரக்கடைக்காரன் புத்தி எப்படி என்று எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். ஏக்கருக்கு இவ்வளவு என்று மூட்டையில் அச்சடித்திருக்கும். எவரும் அந்த அளவோடு நிறுத்துவதில்லை. பயிர் வெளுத்திருக்கிறது என்று வருபவரிடம், "அளவு எழுதுனவன் ஆபீஸ்ல இருக்கான், பயிரு வயல்ல நிக்குது, ஒரு கை கூடவே போடுங்க" என்று சொல்லியே வியாபாரம் செய்தவன் நான். என் உடம்புக்கும் அதையே செய்தேன். தெரிந்த மருந்துக்கடையில் பெட்டியாக வாங்கிக் கடை மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன். வீட்டில் சரோஜா ஞாயிற்றுக்கிழமை பாலில் கலந்து கொடுப்பது ஒன்று. மற்ற நாட்களில் கடையில் மோரில் கலந்து நானே ஒன்று. உடம்பு அசதியாக இருந்தால் இரண்டு.

பாயிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? அவர் சிக்கனக்காரர், வாரத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அவருக்கு ஊசித் தேதி வந்தபோது போன் செய்து கேட்டார்.

"போட்டுக்கவா மொதலாளி, வேணாமா? மகனுக்கு நிக்காஹ் வருது. ஊசி போட்டா ஒரு மாசம் எந்திரிக்க முடியல."

"ஒரு தடவ தள்ளிப் போடுங்க பாய். பொடிய விட்டுடாதீங்க. நானும் போடப் போறதில்ல."

அப்படித்தான் சொன்னேன். பத்து நாள் கழித்து என் தேதி வந்தது. வர மாட்டேன் என்று கடையில் உட்கார்ந்துகொண்டேன். சரோஜா காரை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, "நீங்க எறங்கி வரலன்னா நான் இங்கயே உக்காந்து யாவாரம் பாக்குறேன்" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மானம் போகக் கூடாதே என்று போய் ஊசியைப் போட்டுக்கொண்டேன். பெண்டாட்டி இழுத்துக்கொண்டு போனாள் என்று பாயிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் ஆரம்பித்தது. தாகம். குடம் குடமாகக் குடித்தாலும் அடங்காத தாகம். சோற்றைப் பார்த்தால் குமட்டல். மலச்சிக்கல். அசதிக்கு இன்னொரு பாக்கெட். பிறகு பெயர்கள் மறந்தன. நாற்றங்காலுக்கு டி.ஏ.பி. உரம் கேட்டு வந்தவருக்கு நான் களைக்கொல்லி டப்பாவை எடுத்து வைத்திருக்கிறேன். என் மகன் குமரன் பார்த்துப் பிடுங்கினான். அவர் அதைக் கொண்டுபோய்த் தெளித்திருந்தால் அந்த நாற்று முழுக்கக் கருகியிருக்கும். அது எனக்கு நினைவில் இல்லை. கார் பின்சீட்டில் படுக்க வைத்ததும் நினைவில் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். இரண்டு கையிலும் குளுக்கோஸ் பாட்டில். கீழே மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பை. யாரையோ "வேகன் வந்துடுச்சு, எந்திரிங்கடா" என்று கூப்பிட்டேனாம். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தாறுமாறாக ஏறியிருந்தது, சிறுநீரகம் திணறிக்கொண்டிருந்தது. கேன்சர்காரனுக்குச் சுண்ணாம்புச் சத்து இப்படி ஏறினால் டாக்டர்களுக்கு முதலில் தோன்றுவது, கேன்சர் எலும்புக்குப் பரவி எலும்பு கரைகிறது என்பதுதான். அதைக் குமரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவன் போய் முன்பணம் கட்டிவிட்டு வந்து, அம்மாவிடம் சொல்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். எவ்வளவு கட்டினான் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. நானும் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பில்லைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

மருமகள் தினமும் பூதலூரில் பாசஞ்சர் ரயில் ஏறி ரசமும் குழைந்த சாதமும் கொண்டுவருவாள். ஒருநாள் என் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "ஆஸ்பத்திரி தலகாணில மாமாவுக்குத் தூக்கம் வராதுல்ல" என்றாளாம். அந்தத் தலையணையின் எண்ணெய் வாசனையில்தான் நான் எங்கே இருக்கிறேன் என்கிற நினைவு முதலில் திரும்பியது.

எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு சுத்தமாக இருந்தது. டாக்டரம்மாவுக்கே புரியவில்லை. எனக்குத் தெளிவு வந்த பிறகு கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"ஐயா, வீட்டுல குடுக்குற மருந்து தவிர வேற ஏதாவது சாப்பிட்டீங்களா? லேகியம், நாட்டு மருந்து?"

"அதெல்லாம் கெடையாதுங்க. உங்க பொடிதான். நீங்க வாரத்துக்கு ஒண்ணு சொன்னீங்க, நான் தெனம் ஒண்ணு போட்டேன். அதனாலதான் பி.எஸ்.ஏ. அப்படி எறங்குச்சு. நீங்க எழுதாதத நானே கண்டுபுடிச்சேன்."

பெருமையாகத்தான் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடினார். சரோஜா எழுந்து நின்றாள்.

"தினமுமா?"

"சில நாளு ரெண்டு."

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி அளவு, மெஷின் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது. அதிகமான பொடி குடலிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுண்ணாம்பை இழுத்து ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. அதுதான் தாகம், வாந்தி, மூளைக் குழப்பம் எல்லாம். மற்ற சத்து மாத்திரைபோல மிச்சம் இருப்பது சிறுநீரில் போய்விடாதா என்று கேட்டேன். இது கொழுப்பில் தங்கும், இறங்க மாதக்கணக்கில் ஆகும் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. யூரியா தண்ணீரோடு போய்விடும். பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து மண்ணிலேயே கிடக்கும். இதைத்தான் நான் நாள் தவறாமல் ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

சரோஜா அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள். "வெளுத்த பயிருக்கு ஒரு கை கூடன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லுவீங்களே, அதையே உங்களுக்கும் சொல்லிக்கிட்டீங்களா? யூரியா கூடிப்போன நெல்லு என்னாகும்? கரும்பச்சையா நின்னு, கதிரு வர்ற நேரத்துல படுத்துக்கும். நல்லாப் படுத்துக்குங்க." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "அப்ப பரவலையேம்மா?"

"பரவலம்மா. பி.எஸ்.ஏ.வைக் குறைச்சது ஊசியும் கதிர்வீச்சும்தான். இந்தப் பொடி கேன்சரைக் குறைக்கும்னு நம்பி மத்த வைத்தியத்தை விடுற அளவுக்கு நிரூபணம் கெடையாது. எலும்புக்குத்தான் குடுத்தேன்." என் பக்கம் திரும்பினார். "நல்ல வேளை ஐயா, ஊசிய விடாம போட்டீங்க. விட்டிருந்தா நான் இப்படி உக்காந்து பேசியிருக்க மாட்டேன்."

என் பேச்சைக் கேட்டு ஊசியை விட்டவர் ஒருவர் இருந்தார். பாய்.

குமரனின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். எனக்குப் பேச்சே முழுசாக வரவில்லை. ஊசியைப் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பாய் சிரித்தார்.

"ஆஸ்பத்திரில படுத்தா எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க மொதலாளி. உங்கள டாக்டருங்க பயமுறுத்திட்டாங்க. நான் எவ்வளவு நல்லா இருக்கேன் தெரியுமா? நிக்காஹ்ல பந்தி பரிமாறுனேன்."

நான் ஊட்டிய நம்பிக்கையை என்னாலேயே பிடுங்க முடியவில்லை. நேரில் வரச் சொன்னேன். மறுநாள் வந்தார். மாதுளம்பழம் ஒரு பை. கட்டிலில் கிடப்பது நான்தானா என்று வாசலில் நின்று பார்த்தார். கன்னம் ஒட்டி, குழாய் தொங்க, கீழே பை. பழத்தை மேசையில் வைத்தவர் உட்காரவில்லை.

"பொடி என்னைக் கொல்லப் பாத்துச்சு பாய். கேன்சர அது தொடவே இல்ல. நான் சொன்னது தப்பு."

"அப்ப ஊசி போடாம நீங்க...?"

சரோஜா பக்கத்தில் நின்றாள். அவள் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் போட்டுக்கிட்டேன்," என்றேன். "உங்ககிட்ட வேணாம்னு சொன்ன பத்தாம் நாளு இவ என்னை இழுத்துக்கிட்டு வந்து போட வச்சா. உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பாய் குரல் உயராமல் சொன்னார்: "எனக்கும் வீட்டுல ஒருத்தி இருக்கா மொதலாளி. போங்க போங்கன்னு அவளும்தான் சொன்னா. பூதலூர் மொதலாளி சொல்லிட்டாரு, உனக்கு என்ன தெரியும்னு அவ வாயை அடைச்சேன்."

சரோஜா அவர் கையில் தண்ணீர் கொடுத்தாள். "அண்ணே, டாக்டரம்மா கீழதான் இருக்காங்க. நான் கூட வர்றேன், வாங்க" என்றாள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பாய்க்குப் பி.எஸ்.ஏ. ஏறியிருந்தது. அன்றே பொடியை நிறுத்தி ஊசி போட்டார்கள். ஸ்கேனில் இடுப்பெலும்பில் ஒரு புள்ளி. தள்ளிப் போட்டதால் வந்ததா என்று டாக்டரம்மாவை நான் தனியாகக் கேட்டேன். "முன்னாடியே கண்ணுக்குத் தெரியாம இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். என்னால சொல்ல முடியாது ஐயா," என்றார். தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் சொன்னது என் மனதில் கல்போல உட்கார்ந்துகொண்டது. இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் வீடு திரும்பினேன். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிட்டது. பொடியை இப்போதைக்கு அடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். கொழுப்பில் தங்கியது இறங்கிய பிறகு, ரத்தம் பார்த்து, அவர்கள் சொல்லும் அளவில்தான் இனி. பொடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் வேலை எலும்பு. அந்த வேலையை வாரத்துக்கு ஒன்று ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது. கடையில் யாராவது அளவுக்கு மேல் கேட்டால் மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிக்கச் சொல்கிறேன். வியாபாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று குமரன் முணுமுணுக்கிறான்.

பாய் மறு ஊசிக்கு வருவாரா என்பதுதான் எனக்கு இருந்த பயம். அவருடைய தேதியைக் கேட்டு, டாக்டரம்மாவிடம் சொல்லி, என் தேதியையும் அதே நாளுக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் போய் அந்த அறையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து வந்தார். கையில் தடி. என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்.

அவருடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். இறங்கியிருந்தது. பழைய இடத்துக்கு வரவில்லை. ஆனால் இறங்கியிருந்தது. அவர் தோள் கொஞ்சம் தளர்வதைப் பார்த்தேன்.

"பாதிதான் மொதலாளி," என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "உங்களுக்கு எவ்வளவு?"

எனக்கு, அளக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்ட அளவு. ஏக்கர் மகசூலில் இருந்து இறக்கிய மூட்டை வரைக்கும், எந்த எண்ணிலும் நான் ஒருவரைத் தாண்டி நின்றால் அதை ஊருக்குச் சொல்லாமல் இருந்ததில்லை. அந்தக் காகிதம் என் சட்டைப் பையில் நான்காக மடித்துக் கிடந்தது.

"இன்னும் வரல பாய்," என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு நடுவில் இருந்த காலி நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்து, "சரி, அந்த வேகன் கதையச் சொல்லுங்க," என்றார்.